மரத்துப் போகும் கையும் மின்சாரச் சோதனையும்

என் வகுப்பில் நான்காம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி. தினமும் இரட்டைச் சடை பின்னி, எண்ணெய் தடவி, நெற்றியில் பொட்டுடன் பளிச்சென்று பள்ளிக்கு வருவாள். அவளுடைய அம்மா விடியற்காலையில் பிரட்டுக்குப் போவதற்கு முன்பே மகளை எழுப்பித் தலைவாரி விட்டுத்தான் கிளம்புவார். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது.

சில வாரங்களாக அந்தச் சடைகளைக் காணோம். தலைமுடியை ஒரு ரப்பர் வளையத்தில் கோணலாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, இப்பல்லாம் சடை பின்றதில்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாவுக்குக் கை வரமாட்டேங்குது சார். ராத்திரியெல்லாம் எழுந்து உக்காந்து கைய உதறிக்கிட்டே இருக்காங்க. சீப்பு கீழ விழுந்துடுது."

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தைகளை முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். என் தாயாரும் பால் மரம் வெட்டியவர்தான். அவரும் இப்படித்தான் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். அப்போது எங்களுக்கு விவரம் போதவில்லை. அதன் விலையை என் தாயார் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலையே என் மனைவியை அழைத்துக்கொண்டு அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன்.

"வாதம் என்று சொல்கிறார்கள் சார்"

அந்த அக்காவுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. பதினாறு வயதில் கத்தியைப் பிடித்தவர். இடையில் சில ஆண்டுகள் செம்பனையில் மருந்தடித்தார். இப்போது மறுபடியும் பால் மரம்.

"வாதம்னு சொல்றாங்க சார். எண்ணெய் போட்டு உருவிப் பார்த்தாச்சு. ஒத்தடம் கொடுத்தாச்சு. பகல்ல வேல செய்றப்போ எப்படியோ ஓடிடுது. ராத்திரி படுத்தா ஒரு மணி, ரெண்டு மணிக்கு எறும்பு கடிக்கிற மாதிரி சுருசுருன்னு ஏறும். எழுந்து உதறினாத்தான் கொஞ்சம் அடங்கும்" என்றார்.

"எந்தெந்த விரல்ல அக்கா?" என்று கேட்டேன்.

"கை பூரா சார்" என்றார்.

இப்படித்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். நான் அந்தச் சிறுமியிடம் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து வரச் சொன்னேன். அம்மாவின் கையை அதன் மேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். பிறகு அவளுடைய வண்ணப் பென்சிலை அக்காவிடம் கொடுத்து, "ராத்திரி எழுந்திரிக்கும்போது எங்கெங்க மரத்துப் போகுதோ அங்க மட்டும் தீட்டுங்க. இன்னைக்கே வேணாம். ரெண்டு மூணு ராத்திரி நல்லாக் கவனிச்சுட்டுத் தீட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் முழுக்கச் சிவப்பு. மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி மட்டும் சிவப்பு. சுண்டுவிரல் வெள்ளையாகவே இருந்தது.

வாசக அன்பர்களே, அந்தச் சுண்டுவிரலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

மணிக்கட்டில் ஒரு குறுகிய மதகு

நமது மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. அவை சேர்ந்து ஒரு சிறு வாய்க்கால்போல வளைந்திருக்கின்றன. அந்த வாய்க்காலின் மேலே குறுக்காக, தடித்த பட்டை போன்ற ஒரு தசைநார் கூரையாக அமைந்திருக்கிறது. கீழே எலும்பு, மேலே பட்டை, நடுவில் ஒரு குறுகிய வழி. தோட்டத்துச் சாலைக்கு அடியில் தண்ணீர் போக மதகு கட்டியிருப்பார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் டாக்டர்கள் கார்ப்பல் டனல் என்கிறார்கள். தமிழில் மணிக்கட்டுச் சுரங்கம் என்று சொல்லலாம்.

இந்த மதகு வழியே பத்துப் பேர் போக வேண்டும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒன்பது. மீடியன் நரம்பு என்ற நடு நரம்பு ஒன்று. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இந்த நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேட்டுக்கு உத்தரவு கொண்டுபோவதும் இதுவே. சுண்டுவிரலுக்குப் போவது அல்னார் என்ற வேறொரு நரம்பு. அது இந்த மதகுக்குள் நுழைவதில்லை. ஆகவே மதகுக்குள் நெருக்கடி ஏற்பட்டால் சுண்டுவிரல் தப்பித்துக்கொள்கிறது. அந்தத் தாள் சொன்ன சேதி இதுதான்.

நெருக்கடி ஏன் வருகிறது? பலமாகப் பிடித்து, மணிக்கட்டை வளைத்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்துப் போகலாம். எலும்பு விரியாது, பட்டையும் எளிதில் இளகாது. நசுங்குவது நரம்புதான்.

ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்குப் பத்து இழுப்பு என்றாலும் ஐயாயிரம் முறை மணிக்கட்டு வளைந்து நிமிர வேண்டும். பிறகு மங்கு எடுப்பது, வாளி தூக்குவது, கோட்டுப்பால் உரிப்பது எல்லாம் தனி. முதுகில் பம்பைச் சுமந்து ஒரு கையால் அதன் பிடியை நாளெல்லாம் அடிப்பவர்களுக்கும், அதிரும் இயந்திரங்களைப் பிடித்து வேலை செய்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இன்று தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போய்த் தொழிற்சாலையில் பொருள் பொருத்தும் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல.

வேலை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மூட்டுவாதம், உடல் பருமன், மணிக்கட்டு எலும்பு முறிவு ஆகியவையும் காரணமாகலாம். கர்ப்பிணிகளுக்கு உடலில் நீர் கோப்பதால் வந்து, பிள்ளை பிறந்த பின் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

கிளினிக்கில் முதல் படி

அடுத்த வாரம் அக்கா ஒரு நாள் லீவு போட்டார். என் மனைவி துணைக்குப் போனார். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் நம் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். இது தெரிந்தும் போகாமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அங்கே இருந்த டாக்டர் ஓர் இளம்பெண். அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "யார் போட்ட படம் இது? ரொம்ப உதவியா இருக்கு" என்றாராம். பிறகு ஒரு சின்னச் சோதனை செய்தார். நாம் கும்பிடுவதற்கு நேர்மாறாக, இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே தொங்கும்படி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். முப்பது வினாடிக்குள் அக்காவின் வலக்கையில் சுருசுருவென்று ஏறியது. அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் ஃபேலன் பிரபலப்படுத்திய சோதனை இது. மணிக்கட்டின் மேல் விரலால் தட்டியபோதும் நடுவிரல் வரை மின்னல் அடித்ததுபோல் இருந்தது.

டாக்டர் இரத்தம் எடுத்து நீரிழிவையும் தைராய்டையும் பார்த்தார். பிறகு, "பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனை செய்ய வேண்டும். கையில் சின்னதாகக் கரண்டு வைத்துப் பார்ப்பார்கள்" என்று கடிதம் கொடுத்தார்.

'கரண்டு' என்ற சொல்தான் வினையாகப் போய்விட்டது.

லயத்தில் கிளம்பிய புரளி

அக்கா வீடு திரும்புவதற்குள் செய்தி பரவிவிட்டது. "கரண்டு வெச்சா உள்ள கையும் விளங்காமப் போயிடும்" என்றார் ஒருவர். "நரம்புல ஊசி குத்துனா அந்தப் பக்கமே இழுத்துக்கும்" என்றார் இன்னொருவர். அக்காவின் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் பயந்துவிட்டார். "பரவால்ல சார், இருக்கிற கையோட இருக்கட்டும். அவ கை போச்சுன்னா நாங்க எப்படிச் சாப்பிடுறது?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கூலிக்குக் கையை நம்பி வாழும் குடும்பம். ஆகவே அவருக்கு உபதேசம் செய்யாமல் என் தாயாரின் வலக்கையைக் காட்டினேன்.

என் தாயார் கையை உதறிக்கொண்டே பல ஆண்டுகளை ஓட்டினார். பிறகு ஒரு நாள் இரவு வலி குறைந்தது. "சரியாகிவிட்டது" என்று நாங்கள் மகிழ்ந்தோம். உண்மையில் நரம்பு செத்துக்கொண்டிருந்தது. வலியைச் சொல்லவும் அதற்குத் தெம்பில்லை. தேத்தண்ணீர்க் கிளாஸ் கை நழுவி விழும். சட்டைப் பொத்தான் போட வராது. கட்டைவிரலின் அடியில் இருந்த சதைமேடு வற்றி, பள்ளமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோதனையில் விரலிலிருந்து உணர்ச்சிச் சேதி எதுவுமே பதிவாகவில்லை. ஆப்பரேஷன் செய்தார்கள். மிச்சமிருந்த கடுப்பு போயிற்று. ஆனால் வற்றிய சதை திரும்பவில்லை. இன்றும் ஊசியில் நூல் கோக்க அவருக்கு என் மகள்தான் துணை.

"இந்தக் கை கரண்டு வெச்சதால போகலை. நேரத்துக்குக் கரண்டு வெச்சுப் பார்க்காததால போச்சு" என்றேன்.

அவர் வெகு நேரம் என் தாயாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னைக்குச் சார் போகணும்?" என்று கேட்டார்.

சோதனை அறைக்குள்

அன்று நானும் உடன் போயிருந்தேன். கணவரும் மனைவியும் பயந்து திரும்பிவிடக்கூடாதே என்ற கவலைதான். அறைக்குள் ஒரு கட்டில், கணினி போன்ற திரையுள்ள ஒரு பெட்டி, சில கம்பிகள். அவ்வளவுதான்.

முதலில் அக்காவின் வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார்கள். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சில்லென்று இருக்கிறது என்று வெதுவெதுப்பாக்கினார்கள். இதற்குக் காரணம் உண்டு. கை குளிர்ந்திருந்தால் நரம்பில் சேதி மெதுவாகப் போகும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறையும். குளிரூட்டிய அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவருக்கு இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடலாம். அதனால் தோலின் வெப்பம் 32 டிகிரி அளவாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

பிறகு கட்டைவிரலின் சதைமேட்டில் சின்னத் தகடுகளை ஒட்டினார்கள். மணிக்கட்டில் இரு முனைகள் கொண்ட ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். 'டக்' என்றது. அக்காவின் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவர் திடுக்கிட்டார்; மறுகணம் சிரித்துவிட்டார்.

"இவ்வளவுதானா? ரப்பர் வளையத்த இழுத்துக் கைல அடிச்ச மாதிரிதான் இருக்கு!"

அந்த மின்துடிப்பு நீடிப்பது ஒரு வினாடியைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கு நேரம்தான். சில துடிப்புகள் சற்றுச் சுள்ளென்று இருக்கும். அதனால் கை கெடுவதில்லை.

நாலாம் வகுப்புக் கணக்கு

இந்தச் சோதனையின் தத்துவம் என் மாணவர்கள் போடும் கணக்கேதான். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

மணிக்கட்டில் நரம்பைத் தூண்டினால் கட்டைவிரல் தசை அசைய எவ்வளவு நேரம் ஆகிறது? முழங்கையில் தூண்டினால் எவ்வளவு? உதாரணத்துக்கு மணிக்கட்டிலிருந்து 3.8 மில்லி வினாடி, முழங்கையிலிருந்து 7.8 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். மில்லி வினாடி என்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வித்தியாசம் 4 மில்லி வினாடி. இரண்டு இடங்களுக்கும் இடையே 21 சென்டிமீட்டர். வகுத்தால் வினாடிக்கு 52.5 மீட்டர் வருகிறது.

நல்ல நிலையில் உள்ள கை நரம்பில் சேதி வினாடிக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மீட்டர் வேகத்தில் ஓடும். 50 மீட்டர் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர்! வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 110 தான். நம் உடம்புக்குள் ஓடும் சேதி அதையும் தாண்டிவிடுகிறது.

இந்த வேகத்துக்குக் காரணம் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை. மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். மதகுக்குள் நரம்பு நசுங்கும்போது முதலில் கெடுவது இந்த உறைதான். அப்போது சேதி போகும். ஆனால் தாமதமாகப் போகும். நசுக்கம் தொடர்ந்தால் உள்ளே இருக்கும் இழைகளே அறுபட்டுப் போகும். அப்போது திரையில் தெரியும் அலையின் உயரம் குறையும். கடைசியில் அலையே வராது. ஆகவே டாக்டர்கள் நேரத்தையும் பார்க்கிறார்கள், அலையின் உயரத்தையும் பார்க்கிறார்கள்.

விரலில் வளையம்போல் கம்பியைச் சுற்றி உணர்ச்சி நரம்பையும் அளந்தார்கள். பெரும்பாலும் முதலில் தாமதிப்பது உணர்ச்சி நரம்புதான். அதன் பின் சுண்டுவிரலுக்குப் போகும் அல்னார் நரம்பையும் அளந்தார்கள். இது எதற்கு? இரண்டு நரம்பும் தாமதம் என்றால் நீரிழிவு போன்ற பொதுவான நரம்புக் கோளாறாக இருக்கலாம். நடு நரம்பு மட்டும், அதிலும் மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் தாமதம் என்றால், குற்றவாளி மதகுதான் என்று தெரிந்துவிடும். ஒரே கையில் இரண்டு நரம்பையும் ஒப்பிடுவதால் வயது, குளிர் போன்றவற்றால் வரும் குழப்பமும் குறைகிறது.

ஊசிச் சோதனை எதற்கு?

இரண்டாவது பகுதி தசைச் சோதனை. மெல்லிய ஊசி ஒன்றைத் தசைக்குள் செலுத்தி, தசையில் எழும் மின்னலைகளைத் திரையில் பார்ப்பார்கள். ஒலிபெருக்கியில் சத்தமாகவும் கேட்கலாம். இந்த ஊசி வழியாக மருந்தோ மின்சாரமோ ஏற்றுவதில்லை. அது கேட்க வந்த காது மாதிரி. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை எறிந்துவிடுவார்கள்.

நல்ல தசை ஓய்வில் இருக்கும்போது சத்தம் போடாது. நரம்பு இழைகள் அறுந்து, உத்தரவு கிடைக்காத தசை மட்டும் சும்மா இருக்கும்போதும் 'டிக் டிக்' என்று துடித்துக்கொண்டிருக்கும். கழுத்து எலும்பில் நரம்பு நசுங்கினாலும் விரல் மரத்துப் போகலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தையும் வேறு தசைகளில் ஊசி வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் ஊசிச் சோதனை தேவைப்படாது. டாக்டர்தான் முடிவு செய்வார்.

அக்காவுக்கு ஒரே ஓர் இடத்தில் ஊசி வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் அவருடைய கணவரைப் பார்த்து, "தசை இன்னும் சாகலை. நல்ல நேரத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். அந்த மனிதர் மேலே பார்த்துக் கும்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

தவளைக் காலிலிருந்து தொடங்கிய கதை

இந்தச் சோதனை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இத்தாலியின் பொலோன்யா நகரில் கால்வானி என்ற அறிஞர் தவளைக் காலில் மின்சாரம் பட்டால் துள்ளுவதைக் கண்டு 1791ல் நூலாக வெளியிட்டார். நரம்புச் சேதியின் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று ஜெர்மானியப் பேராசிரியர் முல்லர் கருதினார். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ல் தவளை நரம்பில் அதை அளந்தே காட்டிவிட்டார். ஆசிரியரை மிஞ்சிய மாணவன்! ஊசிச் சோதனைக்கு உதவும் ஊசியை 1929ல் இங்கிலாந்தின் ஏட்ரியனும் அமெரிக்கரான பிராங்க்கும் உருவாக்கினார்கள். மணிக்கட்டில் நடு நரம்பு தாமதிப்பதை 1956ல் எடின்பரோவில் டாக்டர் சிம்சன் எடுத்துக்காட்டினார். அன்று அவர் போட்ட பாதையில்தான் இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளும் நடக்கின்றன.

முடிவு என்ன சொன்னது?

அக்காவின் வலக்கையில் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரலுக்குச் சேதி போக 5.8 மில்லி வினாடி ஆனது. ஏறத்தாழ 4.4க்குள் இருந்திருக்க வேண்டும். உணர்ச்சி அலையும் தாமதம். அல்னார் நரம்பு நன்றாகவே ஓடியது. இடக்கையில் தாமதம் தொடக்க நிலையில்தான் இருந்தது. இந்த எல்லைகள் ஒவ்வொரு சோதனைக்கூடத்திலும் சற்று மாறும் என்பதால், நீங்களாகவே எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

பொதுவாக மூன்று நிலை சொல்வார்கள். உணர்ச்சி நரம்பு மட்டும் தாமதித்தால் இலேசான நிலை. தசைக்குப் போகும் நரம்பும் தாமதித்தால் நடுத்தர நிலை. அலை மிகக் குறைந்தோ இல்லாமலோ போனால் கடுமையான நிலை. அக்காவின் வலக்கை நடுத்தரம். என் தாயாரின் கை மூன்றாவது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு அல்ல. நோய் இருந்தும் சிலருக்குத் தொடக்கத்தில் சோதனை சரியாகவே இருக்கலாம். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் சோதனை இல்லாமலே டாக்டர் வைத்தியம் தொடங்குவதும் உண்டு. சந்தேகம் இருக்கும்போதும், ஆப்பரேஷனைப் பற்றி முடிவு செய்யும்போதும், நரம்பு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று அறியவும்தான் இது பெரிதும் கைகொடுக்கிறது.

பிறகு நடந்தது

இரவில் மணிக்கட்டு வளையாமல் நேராக நிற்க ஒரு பட்டை கொடுத்தார்கள். தூக்கத்தில் கையை மடக்கிக்கொள்வதால்தான் நள்ளிரவில் அதிகம் மரத்துப் போகிறது. இடக்கை அந்தப் பட்டையிலேயே அடங்கிவிட்டது. வலக்கைக்கு மணிக்கட்டில் ஓர் ஊசி மருந்து போட்டார்கள். சில மாதம் நிம்மதி. பிறகு திரும்பவும் வந்தது. கடைசியில் அந்த மதகின் கூரைப் பட்டையை அறுத்து வழிவிடும் சிறிய ஆப்பரேஷன். கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். முதல் இரவே எழாமல் தூங்கியதாகச் சொன்னார். பிடியில் பழைய பலம் வர மேலும் சில மாதங்கள் ஆயின. அதுவரை பழையபடி மரம் வெட்டக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். குடும்பத்துக்குக் கஷ்டமான மாதங்கள்தான். ஆனால் தாங்கக்கூடிய கஷ்டம்.

நாம் செய்ய வேண்டியவை

சோதனைக்குப் போகிறவர்கள் கையில் எண்ணெயோ களிம்போ தடவாமல், சோப்புப் போட்டுக் கழுவிப் போங்கள். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே போகலாம். இதயத்தில் மின்கருவி பொருத்தியிருந்தாலும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சிறுமி செய்ததுபோல் கைப்படம் வரைந்து, மரத்துப் போகும் இடத்தைத் தீட்டி எடுத்துச் செல்லுங்கள்.

சோதனை முடிந்ததும் அறிக்கையின் நகல் கேட்டு வாங்கி, பத்திரமாக வையுங்கள். வேலையால் வந்த நோய் என்று டாக்டர் கருதினால், 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவுக்கு மனுச் செய்ய வழி உண்டு. வேலையால் வரும் நோய்களின் பட்டியல் அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறது. 'கை வலிக்கிறது' என்று வாயால் சொல்வதைவிட, எத்தனை மில்லி வினாடி தாமதம் என்று எழுதிய தாளுக்குப் பலம் அதிகம். எத்தனை ஆண்டு என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் விவரமாகச் சொல்லி எழுத வையுங்கள்.

கத்தியைக் கூராக வைத்திருங்கள். மழுங்கிய கத்திக்குக் கையில் அழுத்தம் கூடும். வேலைக்கு நடுவே விரலை விரித்து, மணிக்கட்டை நேராக்கிச் சிறிது ஓய்வு கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. திடீரென்று ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போய், வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அதற்கு இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கக்கூடாது. அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கை கெட்ட பிறகு எண்ணெய் உருவுவதும் அப்படித்தான். இரவில் உங்களை எழுப்பிவிடும் அந்தச் சுருசுருப்பு, நரம்பு இன்னும் உயிரோடு இருந்து உதவி கேட்கும் குரல். அது அடங்கிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

சென்ற தவணை தொடங்கிய நாளன்று அந்தச் சிறுமி என் மேசைக்கு வந்து நின்றாள். ஏதும் பேசவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். சிவப்பு ரிப்பனில் இரட்டைச் சடை. ஒன்று கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. "அம்மா பின்னியது சார்" என்றாள்.